துபாய்ல ஏமாந்தா ஆலங்குடியில கேஸ் போட முடியுமா?

ஆலங்குடி பக்கம் சிங்கப்பூர், மலேசியா, துபாய்னு சொந்தக்காரங்க இருக்கிற வீடுகள் நிறைய. அதனால இந்தக் கேள்வி நமக்கு ரொம்ப முக்கியம்.

ஏஜென்ட்டுக்கு 2 லட்சம் கட்டி துபாய் போறீங்கன்னு வெச்சுக்குவோம். சொன்ன வேலை ஒண்ணு, கிடைச்சது வேற. மூணு மாச சம்பளமும் பாக்கி. ஊருக்குத் திரும்பினா, "தப்பு நடந்தது அங்க, இங்க என்ன பண்ண முடியும்?"னு சொல்வாங்க. அது பாதி உண்மைதான்.

ஏஜென்ட் மேல: சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 20 படி, எதிராளி குடியிருக்கிற இடத்திலயோ, வழக்குக்கான காரணத்தில ஒரு பகுதி நடந்த இடத்திலயோ கேஸ் போடலாம். பணம் கைமாறினது ஆலங்குடியிலன்னா, இங்கேயே போடலாம். பொதுவா 3 வருஷத்துக்குள்ள போட்டுடணும்.

கம்பெனி மேல: அதுக்கு இங்க ஆபீஸோ சொத்தோ இல்லைன்னா, இங்க தீர்ப்பு வாங்கினாலும் வசூலிக்கிறது கஷ்டம். அதனால சம்பள பாக்கிக்கு, அங்க இருக்கும்போதே அங்கேயே புகார் கொடுக்கிறதுதான் நல்லது. முதலாளிக்கு இந்தியாவில சொத்து இருந்தா இன்னொரு வழி இருக்கு. 2020 ஜனவரியில ஐக்கிய அரபு அமீரகத்தை மத்திய அரசு பிரிவு 44ஏ பட்டியல்ல சேர்த்தது. அதனால அந்த நாட்டு நீதிமன்றத் தீர்ப்பை இங்க மாவட்ட நீதிமன்றம் மூலமாவே நிறைவேற்றலாம். சிங்கப்பூர், மலேசியா ஏற்கெனவே பட்டியல்ல உண்டு. சவுதி இல்லை; அங்க வாங்கின தீர்ப்புக்கு இங்க புதுசா வழக்கு போடணும்.

கிரிமினல் புகார்: போட்ஸ்வானாவில கணவரோட வாழ்ந்த ஆந்திரப் பெண்ணோட வழக்கில, 2011-ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிருச்சு. வெளிநாட்டில நடந்த குற்றத்தை இங்க விசாரணைக்கு எடுக்க மத்திய அரசு அனுமதி வேணும். இந்தியாவில நடந்த பகுதிக்கு வேண்டாம்.

ஆக, உங்க பலமே இங்க நடந்ததுக்கான ஆதாரம்தான். கிளம்புறதுக்கு முன்னாடி இதை மறக்காதீங்க:

- ஈ-மைக்ரேட் தளத்தில ஏஜென்ட்டோட பதிவு எண்ணைப் பாருங்க.
- பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். 2 லட்சம் கேட்டாலே உஷாராகிடுங்க.
- பணத்தை ரொக்கமா கொடுக்காதீங்க, பேங்க் வழியா அனுப்புங்க.
- ஒப்பந்தம், வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாத்துக்கும் ஒரு காப்பி வீட்ல வெச்சுட்டுப் போங்க.

வெளிநாடு கிளம்புற நண்பர் இருந்தா, அவர் பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதை அனுப்பிடுங்க.