ஒரு கம்பியில் பல வீடுகள்



பிற மாநிலங்களுக்கு உத்தியோகத்தின் பொருட்டு வந்துள்ள நம்மவருக்குக் காரியாலய வாழ்க்கை புதிதன்று. இன்று அக்காரியாலயத்தின் உயிர்நாடியாய் விளங்குவது, சுவரோரத்து அலமாரியில் பச்சை விளக்குகள் மினுங்க இருக்கும் சுவிட்சு என்னும் சிறு பெட்டி. அதனுள் வகுக்கப்படும் 'வீ-லான்' என்னும் ஏற்பாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். நான் எஞ்சினீயர் அல்லன், மொழிபெயர்ப்பாளன். ஆயினும், கொச்சியைச் சேர்ந்த தேவராவில் நான் பணியாற்றிய காரியாலயம் ஒன்றில் நேர்ந்த சம்பவம் இவ்விஷயத்தை எனக்குக் கற்பித்தது.

காரியாலயத்துக் கணினிகள் யாவும் சுவிட்சின் போர்ட்டுகளில் கம்பியால் இணைகின்றன. ஒரு கணினி மற்றொன்றைத் தேடும்போது, 'இன்னார் எங்கே?' என்று எல்லார் செவியிலும் விழும்படி கூவுகிறது. இருபது கணினிகள் உள்ளவரை குற்றமில்லை; அவை பலமடங்கு பெருகினால் கூச்சல் மிகுந்துவிடும். அன்றியும், கணக்குப் பிரிவின் கணினியும், வந்துபோவோரின் மடிக்கணினியும் ஒரே கூடத்தில் நிற்பது நன்றன்று. பிரிவுதோறும் தனிச் சுவிட்சு வாங்குவதோ வீண் செலவு. ஆகவே ஒரே சுவிட்சைப் பல சுவிட்சுகள்போல் இயங்கச் செய்தனர். அதுவே வீ-லான். ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண் உண்டு. எந்தப் போர்ட்டு எந்த எண்ணைச் சேர்ந்தது என்று சுவிட்சுக்குக் கட்டளையிட்டால் போதும்.

மாடியிலும் கீழும் வெவ்வேறு சுவிட்சுகள் இருந்து, இடையே ஒரே கம்பி ஓடினால் என் செய்வது? மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியில் நம் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாய்ச் சலவைத் தொழில் செய்துவருவதை அங்குள்ளோர் அறிவர். பல வீட்டுத் துணிகளும் ஒரே மூட்டையில் போனாலும் மாறிப்போவதில்லை. துணியின் ஓரத்தில் வண்ணார் இட்ட குறி வீட்டைக் காட்டிவிடும். இங்கும் அவ்விதமே. 'டிரங்கு' எனப்படும் அப்பொதுக் கம்பியில் செல்லும் ஒவ்வொரு செய்தித் துணுக்கிலும் நான்கு பைட்டு அளவுள்ள குறியொன்று இடப்படுகிறது. அக்குறியில் எண்ணுக்கென 12 பிட்டுகள் உள்ளன. இரண்டு எண்கள் ஒதுக்கப்பட்டமையால் 4,094 பிரிவுகள் வரை வகுக்கலாம். 1998-இல் 802.1கியூ என்னும் பொது நியமமாக இது வெளியாயிற்று. துணியில் இட்ட குறி அழியாது. இக்குறியையோ, உரிய கணினியிடம் சேர்ப்பிக்கும்போது சுவிட்சே நீக்கிவிடும்.

இனிச் சம்பவத்திற்கு வருகிறேன். எங்கள் காரியாலயத்தில் 10, 20 என இரு பிரிவுகள் இருந்தன. காவல் காமிராக்களுக்கென 30-ஆம் எண்ணைச் சேர்க்க ஓர் இளைஞர் வந்தார். கீழே அமர்ந்தபடியே, 10-ஆம் பிரிவின் வழியாக மாடிச் சுவிட்சுக்குக் கட்டளை அனுப்பினார். டிரங்கில் '30-ஐச் சேர்' என்பதற்குப் பதிலாக '30-ஐ அனுமதி' என்று எழுதிவிட்டார். சுவிட்சு சொன்னதைச் செய்தது: 30 மட்டும் நின்றது, 10-உம் 20-உம் வெளியேறின. தாம் சென்ற வழியையே அவர் அடைத்துக்கொண்டார்! அன்று பணி ஓய்வு பெறவிருந்த நண்பர் ஒருவரின் ஓய்வூதியக் காகிதங்கள் மாலைக்குள் செல்லவேண்டும். மாடியறைச் சாவி வைத்திருந்தவரோ வெளியே போயிருந்தார். ஒரு மணி நேரம் அந்நண்பரின் முகத்தை எங்களால் பார்க்க இயலவில்லை. கடைசியில் மாடிச் சுவிட்சை அணைத்து மீண்டும் ஏற்றினோம். புதிய கட்டளை இன்னும் சேமிக்கப்படாமையால் பழைய ஏற்பாடு திரும்பியது, காகிதங்களும் சென்றன.

இதில் கற்றவை மூன்று. முதலாவது, மாற்றுவதற்கு முன் உள்ளதைக் குறித்து வையுங்கள். இரண்டாவது, தொலைவிலிருந்து மாற்றும்போது, பத்து நிமிடத்தில் தானே மறுதொடக்கம் ஆகும்படி முதலிலேயே கட்டளையிடுங்கள். எல்லாம் நலமெனில் அதனை ரத்துச் செய்யலாம். மூன்றாவது, சோதித்த பிறகே சேமியுங்கள். இன்னொன்றும் உண்டு: பிரிவுகளுக்கிடையே போக்குவரத்தை நடத்துவது ரூட்டர். யார் யாரிடம் செல்லலாம் என்று அங்கே விதி வகுக்காவிடில், பிரித்ததன் காவற்பயன் கிட்டாது.

ஒரு சொல் விடுபட்டால் பொருள் என்னாகும் என்பதை மொழிபெயர்ப்பாளன் நன்கறிவான். யந்திரமும் அதனையே சொல்கிறது.