ராட்டின வரிசை ஏன் நகர்வதில்லை?

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் கொடியேறிவிட்டால் பன்னிரண்டு நாளைக்கு அந்தக் கரையில் சனம் ஓயாது. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் பெயரால் மினாராவில் கொடி ஏறும். மவ்லிது ஓதுவார்கள், பாத்திஹா ஓதுவார்கள், கடைசியில் கந்தூரிச் சோறு. பள்ளிக்கு வெளியே மணலில் வளையல் கடை, பஞ்சு மிட்டாய், மஸ்கட், பலூன், ராட்டினம். கொடியேற்றம் மார்க்கத்துக்கு உட்பட்டதா என்ற வாதம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. அது ஆலிம்கள் பேச வேண்டியது. நாம் இன்று மணலில் நடக்கும் கேளிக்கையைப் பற்றி மட்டும் பேசுவோம். பிளேன்டீ ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், சின்னச் சின்னக் கணக்குகள் சில வரும்.

விழா ஜமாதுல் ஆகிர் மாதத்தில் வருவது. சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் அந்த மாதம் வருடாவருடம் அவ்வளவு முன்னால் நகர்ந்துகொண்டே போகும். 2022இல் அது நத்தார் நேரத்தில் பிறந்தது. 2023இல் டிசம்பர் நடுவில், 2024இல் டிசம்பர் தொடக்கத்தில், 2025இல் நவம்பர் கடைசியில். கொடியேற்றமும் நத்தாரும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு வந்த வருடங்கள் இப்போது முடிந்துவிட்டன. இனி அந்தச் சேர்க்கை 2055 வாக்கில்தான். ஆனால் டிசம்பர் என்றால் விடுமுறைக் கார்னிவல் என்ற வழக்கம் எங்கேயும் போய்விடவில்லை. கடற்கரையோ மைதானமோ, பிரச்சினை ஒன்றேதான்.

எந்த விழா முடிந்தாலும் நாம் கேட்பது இந்தப் பேச்சைத்தான்: "சனம் கூடிப்போச்சு, ராட்டினம் காணாது, அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு இறக்கணும்." சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு முக்கால் மணித்தியாலம் நின்ற வாப்பாவுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆனால் வரிசை நீண்டால் ராட்டினம் போதாது என்று முடிவுகட்டுவதில்தான் நாம் எல்லோரும் தவறிப்போகிறோம். கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

ஒரு பெரிய ராட்டினத்தை எடுத்துக்கொள்வோம். 12 கூடை, கூடைக்கு 4 பேர், மொத்தம் 48 பேர். அது சுற்றுவது 3 நிமிடம். ஆனால் சுற்றுவதற்கு முன் ஒவ்வொரு கூடையாகக் கீழே வந்து நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் இறங்க வேண்டும். யாரோ ஒருவரின் செருப்பு கூடைக்குள் மாட்டியிருக்கும். வெளியே நிற்கும் உம்மா பிள்ளையை முதலில் ஏற்றவா, தான் முதலில் ஏறவா என்று தடுமாறுவார். கையில் இருக்கும் டிக்கட்டை அப்போதுதான் தேடுவார். ராட்டினக்காரர் கம்பியைப் போட்டு முளையைச் செருகிவிட்டு அடுத்த கூடையை இறக்குவார். அதுவும் வரிசையாக இறக்க முடியாது. ஒரு பக்கம் மட்டும் ஆட்களை ஏற்றினால் பாரம் ஒருபுறமாகச் சாய்ந்து இயந்திரம் திணறும். ஆகவே இந்தக் கூடைக்கு அடுத்து எதிர்ப் பக்கத்துக் கூடையைக் கொண்டுவருவார்.

கூடைக்கு 40 விநாடி என்று வைத்தால் 12 கூடைக்கு 8 நிமிடம். சுற்றும் 3 நிமிடத்தையும் சேர்த்தால் 11 நிமிடத்துக்கு 48 பேர். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 260 பேர். அதாவது அந்தப் பெரிய இயந்திரம் தன் நேரத்தின் பெரும்பகுதியை ஆட்களை ஏற்றி இறக்குவதிலேயே செலவழிக்கிறது. இப்போது அந்த 40 விநாடியை 20 ஆக்கிப் பாருங்கள். 4 நிமிடம் ஏற்றம், 3 நிமிடம் சுற்று, மொத்தம் 7. மணித்தியாலத்துக்கு 410 பேர்! இரண்டாவது ராட்டினம் ஒன்றை லொறியில் ஏற்றி வந்து பூட்டியிருந்தால் கிடைப்பது 520. அந்தக் கூடுதலில் பாதிக்கு மேல் இன்னொரு ராட்டினம் இல்லாமலே கைக்கு வந்துவிட்டது.

20 விநாடிக்குக் கொண்டுவருவது எப்படி? இறங்குபவர்கள் ஒரு பக்கமாகவும் ஏறுபவர்கள் மறு பக்கமாகவும் போக இரண்டு பலகைமேடை போடலாம். டிக்கட்டைக் கூடையடியில் வாங்காமல் வரிசையின் நடுவிலேயே வாங்கிவிடலாம். இவை இரண்டையும்விடப் பயன் தருவது, உதவிக்கு ஒரு பொடியனை நிறுத்தி, அடுத்து ஏற வேண்டியவர்களை நான்கு நான்கு பேராகப் பிரித்து, பாரத்தையும் கண்ணால் மதித்து, கூடை வருமுன்பே தயாராக நிற்க வைப்பது. ஒரு எச்சரிக்கை: கம்பியும் முளையும் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் விநாடிகளில் மட்டும் கை வைக்கக் கூடாது. மிச்சம் பிடிக்க வேண்டியது தடுமாற்றத்தில் போகும் நேரத்தை.

எல்லாம் ஒரே இடத்தில் அடைபடும் இந்தச் சிக்கலை நாம் தினமும் பார்க்கிறோம். இரவு எட்டரை மணிக்குக் கொத்து ரொட்டிக் கடையில் மேசை இருபது போட்டிருந்தாலும் கொத்துவது ஒரே கல்லில்தான். மேசையைக் கூட்டினால் காத்திருப்பவர்கள் வசதியாக உட்கார்ந்து காத்திருப்பார்கள், கொத்து வேகமாக வராது. எந்தக் கேளிக்கைத் திடலிலும் இப்படி ஒரு கல் இருக்கும். அது எது என்று கண்டுபிடிக்காமல் செலவழிக்கிற காசெல்லாம் மேசைக்குத்தான் போகும்.

வரிசையில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டிவரும் என்று முன்கூட்டியே சொல்லவும் ஒரு வழி இருக்கிறது. நிற்கும் தலைகளை எண்ணி, மணித்தியாலத்துக்கு ஏறுபவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். 200 பேர் நிற்கிறார்கள், ஏறுவது 260 என்றால் 46 நிமிடம். ஏறுவது 410 ஆனால் அதே 200 பேருக்கு 29 நிமிடம். அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் லிட்டில் 1961இல் இதை எல்லா வகை வரிசைக்கும் பொருந்தும் என்று நிறுவினார். லிட்டில் விதி என்றே பெயர். அந்த நிமிடக் கணக்கை ஒரு பலகையில் எழுதி வரிசையின் வாலில் நிறுத்தினாலே பாதி எரிச்சல் அடங்கும். தெரியாத காத்திருப்பு தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும் என்று டேவிட் மைஸ்டர் 1985இல் எழுதியதை, பஸ்ஸுக்கு நின்ற யாரும் ஒத்துக்கொள்வார்கள்.

வரிசையைப் பற்றிய கணிதமே டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் பிறந்தது. அங்கே தொலைபேசிக் கம்பனியில் வேலை செய்த எர்லாங், தொலைபேசி அழைப்புகள் வரும் விதத்தை நிகழ்தகவுக் கணக்கில் ஆராய்ந்து 1909இல் வெளியிட்டார். அவர் தொடங்கிவைத்த துறை சொல்லும் ஒரு விடயம் நம் உள்ளுணர்வுக்கு எதிரானது. டிக்கட் யன்னலில் இருப்பவர் தன் முழு வேகத்தில் 80 வீதம் வேலை செய்யும்படி ஆட்கள் வந்தால், எளிய கணக்கில் யன்னலடியில் சராசரியாக 4 பேர் இருப்பார்கள். 90 வீதம் ஆனால் 9 பேர். 95 வீதம் ஆனால் 19 பேர்! வந்த சனம் கொஞ்சம்தான் கூடியது, வரிசை மடங்குகளில் நீண்டுவிட்டது. இதையே திருப்பிப் பாருங்கள். உச்ச நேரத்துக் கூட்டத்தில் சிறு பங்கை வேறு நேரத்துக்கு நகர்த்தினால் போதும், வரிசை மளமளவென்று கரையும்.

நம் ஊரில் அந்த உச்ச நேரம் எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே மஃரிப் வந்துவிடும், ஏழு மணியளவில் இஷா. இஷா தொழுதுவிட்டு, பிள்ளைகளுக்கு உடுப்பு மாற்றி, ஊரே ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில் கடற்கரையில் இறங்கும். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ராட்டினம் சும்மா நிற்கும். அந்த இரண்டு மணித்தியாலத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் அரை விலையில் கொடுத்தால் என்ன? வெளிச்சம் இருக்கும்போது பிள்ளை தொலையும் பயமும் குறைவு. எனக்குத் தெரிய இதைவிட மலிவான சீர்திருத்தம் வேறில்லை.

யன்னலில் இன்னொரு சங்கதியும் உண்டு. நேரத்தைத் தின்பது டிக்கட்டைக் கிழிப்பதல்ல, ஆயிரம் ரூபாய்த் தாளுக்குச் சில்லறை தேடுவது. ஐந்து டிக்கட் சேர்ந்த கட்டாக, சில்லறை வேண்டாத முழுத் தொகைக்கு விற்றால் அந்தத் தேடல் போய்விடும். மூன்று யன்னல் இருந்தால் மூன்று வரிசை வேண்டாம். வளைந்து வளைந்து வரும் ஒரே வரிசை போதும், முன்னால் நிற்பவர் எந்த யன்னல் காலியோ அங்கே போகட்டும். நமக்குப் பின்னால் வந்தவர் பக்கத்து வரிசையில் முந்திப்போகும் மனவருத்தம் அதில் வராது.

"கூடக் காசு வாங்கி ஒரு விசேட வரிசை வைக்கலாமே" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டிஸ்னி 1999இல் ஃபாஸ்ட்பாஸ் என்று ஒன்றை இலவசமாகக் கொண்டுவந்தது. 2021இல் அதன் இடத்துக்குக் காசு வாங்கும் முறை வந்தது. கணக்கு மாறவில்லை. மணித்தியாலத்துக்கு 260 இருக்கை என்றால் அதில் 60ஐ விசேட வரிசைக்குக் கொடுத்தபின் மற்றவர்களுக்கு 200தான். கூடுதலாக ஒரு கூடைகூட முளைப்பதில்லை. தெரியாதவர்கள் கூடும் பெரிய பூங்காவில் அது நடக்கலாம். மீன்வாடிக்காரர் பிள்ளையும் டொக்டர் பிள்ளையும் ஒரே பாடசாலையில் படிக்கும் ஊரில் அது வேண்டாம்.

அடுத்து இடம். "கடற்கரை விசாலமாகத்தானே இருக்கிறது" என்போம். இதற்குப் பாடம் ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்களிடம் இருக்கிறது. மினாவில் கல்லெறியும் ஜம்ராத் முன்பு தூண்களாக இருந்தன. நாலாபுறமும் சூழ்ந்து நெருக்குவார்கள். 2004 ஹஜ்ஜுக்குப் பின் அவற்றை 26 மீற்றர் நீளச் சுவர்களாக்கினார்கள். 2006 ஜனவரியில் 340க்கு மேற்பட்டோர் நெரிசலில் மௌத்தானதன் பின், பழைய பாலத்தை இடித்து, போகும் வழியும் திரும்பும் வழியும் சந்திக்காத பல மாடிப் பாலத்தைக் கட்டினார்கள். 2015இல் மினாவில் நடந்த பெரும் துயரம் அந்தப் பாலத்தில் நடக்கவில்லை; அதற்குப் போகும் தெருவில், இரண்டு கூட்டங்கள் ஒன்றையொன்று சந்தித்த சந்தியில் நடந்தது. விசாலமான இடத்திலும் எதிரெதிராக வரும் இரண்டு ஓட்டம் முட்டும் புள்ளி ஒன்றிருந்தால் அங்கேதான் ஆபத்து.

ஆகவே பள்ளிக்கு ஸியாரத்துக்கு வருபவர்களின் பாதையும் ராட்டினத்துக்குப் போகிறவர்களின் பாதையும் தொடக்கத்திலேயே பிரிய வேண்டும். மினாராவுக்கு நேர் கீழே கடை போட இடம் கொடுக்கக் கூடாது. கொடியை அண்ணாந்து பார்க்க எல்லோரும் நிற்கும் இடம் அது. ஒளி விளக்கெல்லாம் வாசலில் கட்டுவதும் பிழை. வெளிச்சத்தைக் கண்ட இடத்தில் சனம் நிற்கும், படம் எடுக்கும், பின்னால் வருபவர் முட்டுவார். பெரிய வெளிச்சத்தைத் திடலின் கோடியில் வைத்தால் அதுவே ஆட்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். வால்ட் டிஸ்னி 1955இல் திறந்த பூங்காவில் கோட்டையை வாசலை விட்டு உள்ளே, நீண்ட தெருவின் முடிவில் கட்டியதும் இதற்காகத்தான்.

மழையை மறந்துவிடவில்லை. டிசம்பர் நமக்கு மாரி. வாடைக் காற்றும் சேர்ந்து வரும். எர்லாங் இருந்த அதே கோபன்ஹேகனில் டிவோலி என்ற பூங்கா 1843இல் திறக்கப்பட்டது. நூற்றைம்பது வருடமாகக் குளிர்காலத்தில் மூடிக்கிடந்த அதை 1994இல் நத்தாருக்குத் திறந்தார்கள். அங்கே டிசம்பரில் பின்னேரம் நான்கு மணிக்கு முன்பே பொழுது பட்டுவிடும். அந்த இருட்டையே விளக்குகளுக்குப் பின்திரையாக்கிக்கொண்டார்கள், குளிரைச் சூடான பானக் கடைகளுக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள். நாம் மழையை அப்படிக் கையாளலாம். ஒரு பெரிய கொட்டகை போட்டால் தூறல் விழுந்ததும் முழுச் சனமும் அதற்குள் பாயும். ஐந்தாறு சின்னக் கூரைகளைத் திடல் முழுக்கப் பரப்பி, ஒவ்வொன்றின் கீழும் இஞ்சித் தேத்தண்ணிக் கடையோ வட்டிலப்பக் கடையோ வைத்தால், மழையே வியாபார நேரமாகும். ஜெனரேட்டர் வயர்கள் ஈர மணலில் கிடக்கவே கூடாது. கம்பத்தில் ஏற வேண்டும், ஒவ்வொரு இணைப்புக்கும் ட்ரிப் சுவிட்ச் வேண்டும். காற்று எழும்பினாலோ மின்னினாலோ ராட்டினத்தை நிறுத்தும் அதிகாரம் ஒரே ஆளிடம், அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும்படி இருக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் புதிதாக ஒன்று வேண்டாமா என்று மனம் கேட்கும். கேட்கட்டும், நியாயம்தான். கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் பழைய பேய் மாளிகை ஒன்றுக்கு 2001 முதல் விழாக்காலங்களில் நத்தார் வேடம் போடுகிறார்கள். தண்டவாளமும் பெட்டியும் பழையவை, பொம்மையும் பாட்டும் மட்டும் புதியவை, ஆட்கள் அதற்கென்றே வருகிறார்கள். நம் குதிரை ராட்டினத்துக்கு மருதமுனைக் கைத்தறித் துணியில் சேணமும் கூரைத் தொங்கலும் தைத்துப் போட்டால் அது இந்தக் கரைக்கே உரிய ராட்டினமாகிவிடும். நெசவாளர் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் முதல் வேலை ஒன்று இருக்கிறது. முதல் இரவிலேயே கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்றை, பக்கத்துப் பாடசாலையில் உயர்தரம் படிக்கும் பிள்ளையாக இருந்தால் நல்லது, கடிகாரமும் கொப்பியும் கொடுத்து ராட்டினத்தடியில் உட்கார வையுங்கள். ஒரு கூடை ஏறி இறங்க எத்தனை விநாடி, கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை வரிசையில் எத்தனை தலை, எந்த நேரத்தில் யன்னல் திணறுகிறது, இவ்வளவுதான் எழுத வேண்டியது. அந்தக் கொப்பியைப் பார்த்து இரண்டாம் இரவில் ஒன்றை மாற்றலாம், மூன்றாம் இரவில் மீண்டும் எண்ணலாம். விழாவுக்குப் பன்னிரண்டு இரவு இருக்கிறது.