கட்டிலருகே நடக்கும் பணி

மருந்துச் சீட்டில் நோயாளியின் பெயர் இருக்கும். மருத்துவரின் கையொப்பம் இருக்கும். கட்டிலருகே பாய் விரித்துப் படுத்து, நள்ளிரவில் எழுந்து நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து, விடியுமுன் கஞ்சி வாங்கச் செல்பவரின் பெயர் அதில் இராது. பாப்பிரெட்டிப்பட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் அவர் பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள். அன்றாடக் கூலியை விட்டுவிட்டு வந்தவராகவும் இருக்கலாம்.

அத்தகையோரை மனத்திற்கொண்டே வேதாகமத்தின் ஒரு பகுதியை இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஏறத்தாழ கி.பி. 50-இல் பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 4-ஆம் அதிகாரம் அது. சகோதர அன்பில் இன்னும் பெருகுமாறு முதலில் வேண்டுகிறார். அதைத் தொடர்ந்தே, ஆரவாரமின்றி வாழவும் சொந்தக் கைகளால் உழைக்கவும் நாடுமாறு சொல்கிறார். கூடாரம் செய்து பிழைத்தவர் அவர்; கைவேலையின் களைப்பை அறிந்தவர். அன்பையும் அன்றாட வேலையையும் அவர் வெவ்வேறாகக் கருதவில்லை.

அவ்வாறே வாழ்ந்த இருவர் நமக்கு அண்மையிலேயே இருந்தனர். பொம்மிடியில் ரயில் ஏறினால் மொரப்பூர், சாமல்பட்டி கடந்து திருப்பத்தூர் வரும். அங்கே 1921-இல் மருத்துவர் சவரிராயன் ஏசுதாசனும், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். பேட்டன் செல்வம் மிக்க கம்பளி நூல் ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் கதர் உடுத்தி, மணம் புரியாமல், ஏழைகளுக்கு மருத்துவம் செய்தார். ஏசுதாசன் பெரியண்ணன் என்றும், பேட்டன் சின்னண்ணன் என்றும் அழைக்கப்பட்டனர். வெள்ளையர் என்றாலே ‘துரை’ என்று ஒதுங்கி நின்ற காலம் அது. அக்காலத்தில் ஒருவர் சின்னண்ணன் ஆவதற்கு எத்தனை நாள் அமைதியாக உழைத்திருக்க வேண்டும்!

அன்பு என்றால் எந்நேரமும் நெஞ்சில் இனிக்கும் உணர்ச்சி என்று எண்ணுகிறோம். மருத்துவமனையில் பத்தாம் நாள் இரவு அது இனிப்பதில்லை. சலிப்பு வரும், படுத்திருப்பவர்மீதே கோபமும் வரும், பின்னர் அதற்காக மனம் குறுகுறுக்கும். லூக்கா நற்செய்தியின் 10-ஆம் அதிகாரத்தில் மார்த்தாளும் இப்படித்தான், வேலையெல்லாம் தன் தலையில் விழுந்ததென்று சகோதரியைக் குறித்து முறையிடுகிறாள். இயேசு அவளை இருமுறை பெயர் சொல்லி அழைத்து, அவளுடைய மனக்கவலையைச் சுட்டிக்காட்டுகிறார், அவளை வெறுக்கவில்லை. அவர் அன்புகொண்டிருந்தவர்களைக் குறிப்பிடும் யோவான் நற்செய்தியின் 11-ஆம் அதிகாரம், மார்த்தாளின் பெயரையே முதலில் சொல்கிறது. சலித்துக்கொண்டவளும் அன்புக்குரியவளாகவே இருந்தாள்.

ஆகவே, நீங்கள் எந்தச் சமயத்தவராயினும், இன்றிரவு நோயாளியின் கால்களைத் துடைத்துவிடும்போது, வழிபட நேரமில்லையே என்று வருந்த வேண்டாம். களைப்பு மிகுந்தால் ஊரிலிருக்கும் தம்பியையோ நாத்தனாரையோ ஓரிரவு வந்திருக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். அவர்கள் வரும்வரை, செவிலியரிடம் சொல்லிவிட்டு வெளியே சென்று, சூடாக ஏதேனும் உண்டுவிட்டு வாருங்கள்.