காடியின் மூச்சுக்குழாய்



பால்மரம் வெட்டிய காலத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாளியில் வந்த பாலைச் சல்லடையில் வடிகட்டிய பிறகுதான் உறைய வைப்பார்கள். பட்டைத் துணுக்கும் இலையும் கலந்தால் ஷீட்டின் தரம் கெட்டுவிடும். மோட்டார் காடியின் இயந்திரத்துக்கும் இப்படி ஒரு சல்லடை உண்டு. அது காற்றை வடிகட்டுவது.

காற்றுக்கு ஏன் இவ்வளவு ஏற்பாடு? ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். அதாவது, ஒரு லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9,000 லிட்டர் காற்று. செம்மண் சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் போகிறவர்களுக்கு அந்தக் காற்றில் எவ்வளவு புழுதி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புழுதியிலுள்ள மணல் துகள் உள்ளே போனால் சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் வளையத்தையும் அராவிவிடும். பிறகு எண்ணெய் எரியும். நீலப் புகை வரும்.

தஞ்சோங் மாலிமில் 2003-இல் இயங்கத் தொடங்கிய புரோட்டோன் ஆலையின் காடியானாலும் வேறு காடியானாலும், தொழிற்சாலை ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். இயந்திரச் சூடு படாத முன்பக்கத்திலிருந்து ஒரு குழாய் காற்றை இழுக்கும். மூடிய பெட்டிக்குள் மடிப்பு மடிப்பான காகித வடிகட்டி இருக்கும். பக்கத்தில் வெறும் டப்பா போல ஒன்று தொங்கும்; அது காற்றின் இரைச்சலை அடக்குவது. இளைஞர்கள் முதலில் கழற்றி எறிவது இதைத்தான்!

ஈப்போ உதிரிப்பாகக் கடைகளில் பளபளக்கும் கூம்பு வடிகட்டியை மாட்டினால் காடி உறுமும். உறுமல் கேட்டதும் வேகம் கூடியதாக மனம் நம்பிவிடுகிறது. ஆனால் மூடியில்லாத கூம்பு, இயந்திர அறைக்குள் இருக்கும் சூடான காற்றையே குடிக்கிறது. 30 பாகைக் காற்று 60 பாகையானால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 9 விழுக்காடு குறையும். காற்று குறைந்தால் வலுவும் குறையும்தானே?

சிலர் இதற்காக நீண்ட குழாய் போட்டு, வடிகட்டியைப் பம்பருக்குக் கீழே இறக்குகிறார்கள். குளிர்ந்த காற்று கிடைக்கும், உண்மைதான். ஆனால் மாலை மழையில் சாலையில் தேங்கிய நீருக்குள் போனால் அந்தக் குழாய் தண்ணீரை உறிஞ்சிவிடலாம். தண்ணீர் காற்றைப் போல அமுங்காது. ஏறிவரும் பிஸ்டன் அதில் மோதினால் அதைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். இயந்திரத்தையே பிரிக்க வேண்டி வரும். சில மாதச் சம்பளம் போய்விடும்.

வெளிப்பொருள் எல்லாமே வீண் என்று நான் சொல்லவில்லை. டர்போ போன்ற மாற்றங்களோடு, சூடு புகாத பெட்டியில் பொருத்தினால் பயன் உண்டு. வேலைக்கும் பள்ளிக்கும் ஓடும் சாதாரணக் காடிக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பதே என் எண்ணம். எண்ணெய் தடவும் பஞ்சு வடிகட்டியில் எண்ணெய் மிகுந்தால், காற்றளவு பார்க்கும் நுண்கம்பியிலும் அது படிந்துவிடும்.

அந்தப் பணத்தில் காகித வடிகட்டியை நேரத்தோடு மாற்றலாம். புழுதிச் சாலையில் ஓடும் காடிக்குக் கையேட்டில் சொன்ன தூரம் வரை காத்திருக்காதீர்கள். பெட்டியின் கொக்கிகளைக் கழற்றி, வடிகட்டியை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். காகித வடிகட்டியைத் தண்ணீரில் கழுவ வேண்டாம். புதியதை வைக்கும்போது ஓரத்து ரப்பர் சரியாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.