அடி தவறும் பருவம்: சாப்ட்பால் இளையோரின் சரிவும் மீட்சியும்

வெற்றியும் தோல்வியும் எல்லா ஆட்டங்களுக்கும் பொதுவானவை. ஆனால் தோல்வியையே பெரும்பங்காகக் கொண்டு அமைந்த ஆட்டங்கள் சிலவே. அவற்றுள் ஒன்று அமெரிக்க நாட்டுச் சிறுமியர் பெரிதும் விரும்பி ஆடும் சாப்ட்பால். பத்து முறை மட்டையேந்தி மூன்று முறை பந்தைச் செவ்வையாக அடித்துத் தளம் சேர்பவரை அங்கே நல்ல ஆட்டக்காரர் என்பர். ஏழு முறை தவறினும் நல்லவரே என்னும் இக்கணக்கைப் பெரியோர் அறிவர். பன்னிரண்டு வயதுச் சிறுமி அறிவாளா? தொடர்ந்து பத்துப் பன்னிரண்டு முறை அடி வாய்க்காதபோது, 'எனக்கு இந்த ஆட்டம் வராது' என்று அவள் முடிவு கட்டிவிடுகிறாள். அந்த முடிவை அவள் எடுக்கும் முன் ஆசிரியரும் பெற்றோரும் செய்யக்கூடியது என்ன என்பதே இக்கட்டுரையில் நாம் காண இருப்பது.

ஆட்டத்தின் இயல்பு

சாப்ட்பால் 1887 ஆம் ஆண்டு சிகாகோ நகரில், ஃபாரகட் படகுக் கழகத்தின் கூடத்திற்குள் தோன்றியது. குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கழியை மட்டையாக்கி, ஜார்ஜ் ஹான்காக் என்பார் அதனைத் தொடங்கி வைத்தார். விளையாட்டாகப் பிறந்த அது 1996 முதல் 2008 வரை ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. 2021 இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் ஆடப்பெற்றது. 2028 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் இடம்பெற உள்ளது.

பெண்கள் ஆட்டத்தில் பந்தெறிபவர் 43 அடித் தொலைவிலிருந்து, கையை இடுப்பின் கீழாகச் சுழற்றிப் பந்தை விடுகிறார். மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து அரை நொடிக்கும் குறைந்த நேரத்தில் மட்டையாளரை அடைகிறது. பந்து எங்கே வருகிறது, அடிக்கலாமா, விடலாமா என்று உணர்வதும் மட்டையைச் சுழற்றுவதும் அதற்குள் முடிய வேண்டும். எண்ணிப் பார்த்துச் செய்வதற்கு அங்கே இடமில்லை. பழகிய கண்ணும் பழகிய கையுமே அச்செயலைச் செய்கின்றன.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 2004 ஆம் ஆண்டு நடந்த காட்சி ஆட்டம் ஒன்றில், சாப்ட்பால் வீராங்கனை ஜென்னி ஃபின்ச், பேஸ்பால் உலகின் பெருவீரர்களான ஆல்பர்ட் பூஹோல்ஸ், மைக் பியாசா ஆகியோரை அடிக்கவே விடாமல் வெளியேற்றினார். அவ்வீரர்களின் வலிமை குறைந்துவிடவில்லை. தோளுக்கு மேலிருந்து வரும் பந்துக்குப் பழகிய அவர்தம் கண்களுக்குக் கீழிருந்து எழும் பந்து புதிது. அடித்தல் என்பது தோள்வலிமை மட்டுமன்று, கண்ணின் கல்வியும் ஆகும் என்பதை இதனால் அறிகிறோம்.

சரிவு என்பது என்ன?

அடி வாய்க்காத காலத்தை எல்லாம் சரிவு என்று அழைத்துவிடுதல் பொருந்தாது. நூற்றுக்கு முப்பது முறை அடிக்கும் திறமுடைய சிறுமி ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். அவள் திறத்தில் எள்ளளவும் குறைவின்றியே, நூறு முறை மட்டையேந்தும் ஒரு பருவத்தில் எங்கேனும் ஓரிடத்தில் தொடர்ந்து பத்து முறை தவறுவதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். இது வெறும் எண்கணிதம். நாணயத்தைப் பலமுறை சுண்டும்போது தொடர்ந்து பூவே விழும் வரிசைகளும் வருவதைப் போன்றது. நன்றாக அடிக்கப்பட்ட பந்து நேரே எதிரணியாள் கைக்குப் போவதும் உண்டு.

இங்கேதான் பெரியோர் ஒரு மயக்கத்திற்கு ஆளாகின்றனர். மிக மோசமான நாளுக்குப் பின் பெரும்பாலும் சற்று மேலான நாளே வரும். முதல் நாள் கடிந்துகொண்ட பயிற்சியாளர், மறுநாளைய முன்னேற்றத்தைத் தம் கடுஞ்சொல்லின் பயன் எனக் கருதுகிறார். விமானப் பயிற்சியாளர்களிடம் இதே மயக்கத்தைக் கண்டு விளக்கியவர் உளவியலறிஞர் டேனியல் கானெமன். கடிந்ததனால் மீண்டாள் என்று நாம் நினைக்கும் பல நேரங்களில், அவள் தானாகவே தன் இயல்புநிலைக்குத் திரும்பியிருப்பாள். கடுஞ்சொல் ஏற்படுத்திய வடு மட்டும் எஞ்சியிருக்கும்.

எண்ணமே தடையாதல்

தற்செயலாய்த் தொடங்கிய தவறு மெய்யான சரிவாக மாறுவதும் உண்டு. சிறுமி அஞ்சுகிறாள். முழங்கை எங்கே, கால் எங்கே, மட்டை எந்தக் கோணத்தில் என்று ஒவ்வொன்றையும் எண்ணத் தொடங்குகிறாள். ராப் கிரே என்னும் ஆய்வாளர் 2004 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்குகிறது. தேர்ந்த பேஸ்பால் மட்டையாளர்களைச் செயற்கைப் பந்து வீச்சுக்கு அடிக்கச் செய்து, ஓர் ஒலி கேட்கும்போது மட்டை மேல்நோக்கி நகர்ந்ததா, கீழ்நோக்கி நகர்ந்ததா என்று சொல்லச் செய்தார். தம் அசைவைத் தாமே கவனிக்கத் தொடங்கியதும் அவர்தம் அடி குன்றியது. சரிவில் இருந்தபோதோ, அவர்கள் மட்டையின் அசைவை வழக்கத்தினும் சரியாகச் சொன்னார்கள். அதாவது, கவனம் பந்தைவிட்டுத் தம் உடல்மேல் திரும்பியிருந்தது.

எனவே சரிவில் உள்ள சிறுமிக்குத் தந்தை ஒரு திருத்தமும், பயிற்சியாளர் ஒரு திருத்தமும், தோழியர் பத்துத் திருத்தமும் கூறுவது நோயை வளர்ப்பதாகும்.

மீட்கும் வழிகள்

முதலில் உடலைப் பார்த்தல் வேண்டும். பதினொன்று முதல் பதினான்கு வயதிற்குள் சிறுமியர் விரைந்து வளர்கின்றனர். கைகால் நீளம் மாறும்போது பழகிய காலக்கணக்குப் பிசகுகிறது. மட்டையின் எடையும் நீளமும் பொருந்தாமல் போயிருக்கலாம். பார்வைக் குறைவு இருக்கலாம். சொல்லாமல் மறைக்கும் தோள்வலி இருக்கலாம். கண் மருத்துவரிடம் ஒருமுறை சென்று வருவது நூறு அறிவுரைகளினும் மேலாகும்.

அடுத்து, ஒரே ஒரு குறையை மட்டும் கண்டறிந்து திருத்துதல். நிறுத்திவைத்த பந்தை அடித்தல், பின்பு அருகிலிருந்து மெல்ல இடும் பந்தை அடித்தல், பின்பு முழு வேகப்பந்து என்று எளிதிலிருந்து அரிதிற்குப் படிப்படியாகச் செல்லலாம். 'முழங்கையை உயர்த்து' என்பதைவிட 'பந்து கையைவிட்டுப் பிரியும் இடத்தைப் பார்' என்பது நல்ல சொல். அது கவனத்தை வெளியே திருப்புகிறது.

மூன்றாவதாக, அளவுகோலை மாற்றுதல். அடி வாய்த்ததா என்று கேளாமல், நல்ல பந்தைத் தேர்ந்தாளா, மட்டையின் நடுவில் பட்டதா என்று குறித்து வரலாம். இவை அவள் ஆளுகைக்கு உட்பட்டவை. பந்து எங்கே விழும் என்பது அவள் கையில் இல்லை.

அன்பின் பங்கு

1952 ஆம் ஆண்டின் உலகத் தொடரில் புரூக்ளின் அணியின் கில் ஹாட்ஜஸ் 21 முறை மட்டையேந்தி ஓர் அடியும் பெறவில்லை. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலும் சரிவு நீடித்தது. புரூக்ளின் மக்கள் அவரை ஏளனம் செய்யவில்லை. கடிதங்கள் எழுதி ஊக்கமூட்டினர். பாதிரியார் ஒருவர் தம் திருச்சபையினரை அவருக்காக வேண்டிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டார். அணியின் மேலாளர் சார்லி டிரெஸ்சன் அவர் ஆட்டத்தைப் படம்பிடிக்கச் செய்து, அவர் பந்தைவிட்டு விலகி அடியெடுத்து வைப்பதைக் காட்டினார். அப்பருவத்தின் முடிவில் ஹாட்ஜஸின் சராசரி .302. அவ்வாண்டு உலகத் தொடரில் .364. மக்களின் அன்பும், மேலாளர் காட்டிய ஒரே திருத்தமும் அங்கே இணைந்திருந்தன.

எல்லாச் சரிவும் இங்ஙனம் முடிவதில்லை என்பதையும் மறைத்தல் தகாது. 2013 இல் 53 ஹோம் ரன்கள் அடித்த கிறிஸ் டேவிஸ், 2018 இன் இறுதியிலிருந்து 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 முறை அடியின்றித் தவித்தார். அத்தொடர் முடிந்த பின்னும் பழைய நிலையை அவர் எட்டவில்லை. 2021 இல் ஓய்வு பெற்றார். ஆகவே 'கட்டாயம் மீண்டுவிடுவாய்' என்று சிறுமிக்கு வாக்களித்தல் கூடாது. 'அடித்தாலும் அடிக்காவிட்டாலும் நீ எங்களுக்கு உரியவள்' என்பதே நாம் அளிக்கத்தக்க வாக்கு. ஆட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் அவள் கேட்காத எந்தத் திருத்தத்தையும் சொல்லாதிருத்தல் அவ்வாக்கைக் காக்கும் எளிய வழி. உணவிலும் உறக்கத்திலும் நாட்டமின்றி, பள்ளியிலும் தோழியரிடத்தும் அவள் ஒதுங்கினால், அது ஆட்டத்தின் சிக்கலன்று. உரிய மருத்துவரை நாடுதல் வேண்டும்.

முடிவாக

மட்டை பிடிக்கும் சிறுமிக்குச் சொன்னவை தேர்வெழுதும் மாணவர்க்கும் மேடையேறும் இளம் பேச்சாளர்க்கும் பொருந்துவனவே. தற்செயலையும் குறைபாட்டையும் வேறுபடுத்தி அறிதல், உடலை முதலில் நோக்குதல், ஒன்றை மட்டும் திருத்துதல், பயனைவிட முயற்சியை அளத்தல் ஆகிய நான்கும் கற்பிப்போர் கைக்கொள்ளத் தக்கவை. தவறும் பருவத்தில் நாம் ஓர் இளையவரிடம் நடந்துகொள்ளும் முறை, அவர் அந்த ஆட்டத்தை விட்ட பின்னும் நெடுங்காலம் அவர் உள்ளத்தில் நிற்கும்.