மீட்டரில் ஒன்பது லிட்டர், கேனில் காற்று

மேற்குக் கரையில் ஜூன் 1 அன்று தடைக்காலம் தொடங்குகிறது. ஜூலை 31 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். குளச்சல், முட்டம், தேங்காய்பட்டணம் பக்கத்து ஃபைபர் வள்ளங்களுக்கு மீன் நல்ல விலைக்குப் போகும் 61 நாள் அது. கடல் சீறுவதும் அதே நாட்களில்தான். தடைக்காலம் தொடங்குவதற்குள் எண்ணெய் மீட்டர் மாட்டிவிட வேண்டும் என்று பலர் அவசரப்படுவது வாசகர் கடிதங்களில் தெரிகிறது. அவசரத்தைவிடக் குழப்பம் அதிகம். ஒரு கடிதத்தின் சாரம் இது: மீட்டர் இன்னும் 9 லிட்டர் இருக்கிறது என்றது, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. மீட்டர் பழுதா?

பழுதில்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. சிக்கலும் அங்கேதான் இருக்கிறது.

அவுட்போர்டு எஞ்சின் எப்படி ஓடுகிறது, மண்ணெண்ணெயில் ஏன் ஓட்டுகிறோம் என்பதையெல்லாம் இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நேரே மீட்டர் பெட்டிக்குள் போகலாம்.

‘மிச்சம்’ என்று மீட்டர் சொல்வது எதை?

கழித்தல் கணக்கை. டேங்கிற்குள் எட்டிப் பார்த்துச் சொல்லும் அளவு அது அல்ல. கரையில் நிற்கும்போது நீங்கள் பட்டனை அழுத்தி ‘நிரப்பியது 25 லிட்டர்’ என்கிறீர்கள். மீட்டர் நம்பிவிடுகிறது. பிறகு குழாயில் ஓடிப்போன எண்ணெயை எண்ணி, 25-இலிருந்து கழித்துக்கொண்டே வருகிறது. திரையில் தெரியும் 9 லிட்டர், உங்கள் வாய்ச்சொல்லில் இருந்து ஓர் எண்ணிக்கை கழிந்து நிற்கும் மீதி. வாய்ச்சொல் தவறினாலும் எண்ணிக்கை தவறினாலும் மீதி தவறும்.

உள்டேங்க் உள்ள உல்லாசப் படகுகளில் மிதவை இருக்கும். மட்டம் இறங்க இறங்க மின்தடை மாறி முள் நகரும். அலையில் முள் ஆடினாலும் அது எண்ணெயைத் தொட்டுச் சொல்லும் சாட்சி. நம் வள்ளங்களில் ஏது உள்டேங்க்? எஞ்சினோடு வந்த சிவப்பு டேங்க், கூட இரண்டு மூன்று பிளாஸ்டிக் கேன். நடுக்கடலில், இருட்டில், ஒருவர் கேனைச் சாய்த்து ஊற்ற, இன்னொருவர் புனலைப் பிடிக்க, பாதி சிந்துகிறது. அந்த நேரத்தில் யார் பட்டனைத் தேடுவார்கள்? அப்படியே அழுத்தினாலும் சிந்தியதையும் சேர்த்துத்தான் அழுத்துவார்கள். மேலே சொன்ன வாசகரின் 9 லிட்டரில் ஒரு பங்கு இப்படி வள்ளத்தின் அடியில் தேங்கியிருக்கும் என்பது என் ஊகம்.

எண்ணிக்கையாவது சரியாக இருக்குமா?

இந்தப் பகுதியை நான் கொஞ்சம் ரசித்தேன். குழாயின் நடுவே கட்டைவிரல் அளவு சென்சார். அதற்குள் ஒரு சின்னச் சக்கரம். எண்ணெய் ஓடும்போது சக்கரம் சுற்றும், ஒவ்வொரு சுற்றுக்கும் மின்துடிப்பு கிளம்பும். ஒரு லிட்டருக்கு இத்தனை துடிப்பு என்று பெட்டிக்குள் ஓர் எண் எழுதியிருக்கும். மற்றதெல்லாம் வகுத்தல்தான்.

விளம்பரத் தாளில் ‘துல்லியம்’ என்று போட்டிருப்பது, சுத்தமான பெட்ரோல் ஒரே சீராக ஓடும் மேசையில் எடுத்த அளவு என்று எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளத்தில் ஓடுவது மண்ணெண்ணெய்; அதன் அடர்த்தி வேறு, கொழகொழப்பு வேறு. கார்புரேட்டர் எஞ்சினின் பம்ப் எண்ணெயைச் சீராக இழுக்காது, தட்டித் தட்டி இழுக்கும். எண்ணெய் முன்னும் பின்னும் அசைந்தால் சக்கரமும் அசையும். மலிவான சென்சாருக்கு முன் எது பின் எது என்று தெரியாது, இரண்டையும் கூட்டிவிடும். எஞ்சினை ஒட்டி மாட்டாமல் நடுவில் கொஞ்சம் குழாய் விட்டு மாட்டச் சொல்வது இதற்காகத்தான். வலைக்குக் காத்து மெதுவாக ஓட்டும்போது எதிர்த்தவறு நடக்கும்: ஓட்டம் குறைந்து சக்கரம் நின்றுவிடும், எண்ணெய் எண்ணப்படாமலே போகும். டேங்க் தீரும் நேரத்தில் காற்றுக் குமிழி வந்தால் அதையும் எண்ணெய் என்று எண்ணும்.

ஃபோர் ஸ்ட்ரோக் இஞ்செக்ஷன் எஞ்சினில் சக்கரமே இல்லை. எஞ்சினின் கணினி இஞ்செக்டரை எவ்வளவு நேரம் திறந்தது என்று அதற்கே தெரியும். நேரத்தை வைத்து லிட்டரைக் கணக்குப் போட்டுக் கம்பி வழியே திரைக்கு அனுப்புகிறது. கெட்டிக்கார வழிதான். ஆனால் எண்ணுவது தான் போட்ட உத்தரவை. உள்ளே போய்ச் சேர்ந்த எண்ணெயை அல்ல. இஞ்செக்டரில் அழுக்கு அடைத்திருந்தாலும் கணக்கு மாறாமல் வரும். இந்த மாதிரிக் கணக்கு எழுதும் அலுவலகங்களை நாம் கரையிலும் பார்த்திருக்கிறோம்.

சரி, எப்படித்தான் திருத்துவது?

டேங்கில் ஒரு கோடு போட்டு அதுவரை நிரப்புங்கள். ஒருநாள் தொழிலுக்குப் போய் வாருங்கள். வந்து, டேங்கை அதே சமதளத்தில் வைத்து அதே கோடுவரை அளந்து ஊற்றுங்கள். மீட்டர் 18.4 லிட்டர் என்கிறது, நீங்கள் ஊற்றியது 20.7 என்று வைப்போம். 20.7-ஐ 18.4-ஆல் வகுத்தால் 1.125. மீட்டர் குறைத்துச் சொல்கிறது.

இனிதான் எல்லாரும் சறுக்கும் இடம். சில பெட்டிகள் ‘திருத்த எண்’ கேட்கும், அங்கே 1.125 என்றே போடலாம். சில பெட்டிகள் ‘லிட்டருக்கு எத்தனை துடிப்பு’ என்று கேட்கும். அங்கே ஏற்கெனவே 1,000 இருந்தால் 1.125-ஆல் பெருக்கக் கூடாது, வகுக்க வேண்டும்: 889. குறைந்த துடிப்பையே ஒரு லிட்டராக எண்ணினால்தானே லிட்டர் கூடும்? பெருக்கி 1,125 என்று போட்டவரின் மீட்டர், அதே 20.7 லிட்டரை 16.4 என்று காட்டும். நூற்றுக்கு 11 என்றிருந்த தவறு 21 ஆகிவிடும்; திருத்திவிட்டோம் என்ற தைரியம் வேறு. ஒரே நாளை நம்பாமல் மூன்று நாள் அளந்து சராசரி எடுங்கள்.

‘இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும்’ என்று காட்டுகிறதே?

இதே வேகம், இதே காற்று, இதே கடல் நீடித்தால் என்று அதற்கு அர்த்தம். ஆனி, ஆடியில் இந்த மூன்றும் ஒரு மணி நேரம்கூடச் சேர்ந்து நிற்பதில்லை.

இரண்டு எஞ்சினுக்கு ஒரு சென்சார் போதுமா?

குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திற்கு முன் மாட்டினால் மொத்தச் செலவு தெரியும். எந்த எஞ்சின் கூடக் குடிக்கிறது என்ற சண்டை தீர வேண்டுமானால் ஆளுக்கு ஒன்று வேண்டும். இஞ்செக்ஷன் எஞ்சின்களைக் கம்பியில் இணைக்கும்போது இடது எஞ்சினுக்கு 0, வலதிற்கு 1 என்று அடையாளம் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் 0 என்றே விட்டுவிட்டால் திரையில் ஒரே எஞ்சின்தான் தெரியும். செலவு பாதியாகிவிட்டது என்று ஒருவர் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார். அந்தக் கம்பியின் இரு முனையிலும் 120 ஓம் முடிவுக் கட்டை இருக்க வேண்டும். கரண்டை நிறுத்திவிட்டு மல்டிமீட்டரில் பார்த்தால் ஏறக்குறைய 60 காட்டும். 120 காட்டினால் ஒரு கட்டை இல்லை.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறேன். எங்கே மாட்டுவது?

மாற்றும் வால்வுக்கும் எஞ்சினுக்கும் நடுவே மாட்டினால் இரண்டும் சேர்ந்து எண்ணப்படும். மண்ணெண்ணெய் மட்டும் தெரிய வேண்டுமென்றால் வால்வுக்கு முன், மண்ணெண்ணெய்க் குழாயில்.

மீட்டர் கணக்கைக் காட்டினால் மானிய மண்ணெண்ணெய் கூடக் கிடைக்குமா?

ஒதுக்கீடு படகுக்கு இவ்வளவு என்றுதான். செலவுக்கு ஏற்ப அல்ல. 2023 ஆகஸ்டில் மண்டபம் மீனவர் மாநாட்டில் ஆண்டுக்கு 3,400 லிட்டரை 3,700 ஆக உயர்த்துவதாக முதல்வர் அறிவித்தார். நாளுக்கு 35 லிட்டர் எரிக்கும் வள்ளத்திற்கு அது 105 நாளுக்கு வரும். ‘ஆண்டு ஒதுக்கீடு’ என்பதில் ஆண்டு எவ்வளவு நீளம் என்பதை மீட்டர் உங்களுக்குக் காட்டும், அவ்வளவுதான்.

அரசு தரும் டிரான்ஸ்பாண்டரே எண்ணெயையும் காட்டாதா?

காட்டாது. அது செயற்கைக்கோள் வழியாக இருப்பிடமும் செய்தியும் அனுப்பும் கருவி.

கயிறு இழுத்துக் கிளப்பும் எஞ்சின், பேட்டரி இல்லையே?

ஜிபிஎஸ், வயர்லெஸ்ஸுக்கு வைத்திருக்கும் 12 வோல்ட் பேட்டரியே போதும், ஃபியூஸ் போட்டு எடுங்கள். பேட்டரியைக் கேன் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஆயில் கலப்பு கணக்கைக் கெடுக்குமா?

50-க்கு 1 என்றால் இரண்டு சதவீதம். கோடு போட்டு அளந்து திருத்தியபோதே அதுவும் சேர்ந்துவிட்டது.

மழையில் நனையலாமா?

திரை நனையலாம் என்று அட்டையில் எழுதியிருக்கும். ஒயர் சேரும் இடம் நனையக் கூடாது, கிரீஸ் தடவி உயரத்தில் கட்டுங்கள்.