பல் மருத்துவர் மாறும்போது பழைய எக்ஸ்ரே படமும் உடன் வரட்டும்

இடமாற்ற ஆணை கைக்கு வந்ததும் நாம் ஒரு பட்டியல் எழுதுகிறோம். பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், எரிவாயு இணைப்பு, வங்கிக் கணக்கின் கிளை மாற்றம், ஆதார் முகவரி என அது நீளும். அப்பட்டியலில் பல் எக்ஸ்ரே படத்திற்கு இடம் இருப்பதில்லை. ஊர் மாறும்போது பல் மருத்துவரும் மாறுகிறார். நம் பல்லின் வரலாறோ பழைய மருத்துவமனையின் கணினியிலேயே தங்கிவிடுகிறது.

எம் அலுவலக நண்பர் ஒருவர் இந்தூரிலிருந்து புவனேசுவரத்திற்கு மாற்றலானார். அதற்கு ஓராண்டு முன்பு கீழ்க் கடைவாய்ப் பல்லில் வேர் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். புதிய ஊரில் வேறொரு பல்லுக்காகச் சென்றபோது எடுத்த படத்தில், பழைய பல்லின் வேர் நுனியில் கரு நிழல் ஒன்று தெரிந்தது. "இது ஆறிவரும் புண்ணா, வளரும் புண்ணா என்று இந்த ஒரு படத்தைக் கொண்டு சொல்ல இயலாது. சிகிச்சையின்போது எடுத்த படம் இருக்கிறதா?" என்று மருத்துவர் கேட்டார். நிழல் வளர்ந்திருந்தால் மீண்டும் வேர் சிகிச்சை செய்ய நேரும். அதுவும் பயனளிக்காவிடில் பல்லையே இழக்க வேண்டிவரும்.

நண்பர் பழைய மருத்துவமனையைத் தொலைபேசியில் அழைத்தார். கணினித் திரையைக் கைபேசியில் படம்பிடித்து அனுப்பினார்கள். அது மங்கலாக இருந்தது. மூலக் கோப்பையே மின்னஞ்சலில் அனுப்புமாறு மீண்டும் வேண்டியபின், இரண்டு நாள்களில் வந்தது. இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, நிழல் பாதியாகச் சுருங்கியிருப்பது புலப்பட்டது. "ஆறி வருகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம்" என்றார் மருத்துவர். நண்பருக்குப் பல்லும் மிஞ்சியது, பணமும் மிஞ்சியது.

வேர் நுனிப் புண் ஆறி, அவ்விடத்தில் எலும்பு மீண்டும் நிரம்பப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு நான்கு ஆண்டுகள் வரைகூடக் கண்காணிப்புத் தேவைப்படும். கணக்கின் இன்றைய இருப்பை மட்டும் பார்த்து, பணம் சேர்கிறதா கரைகிறதா என்று எவரும் கூற முடியாது. சென்ற ஆண்டின் அறிக்கையும் வேண்டும். பல்லுக்கும் அவ்வாறே. புதிய படத்தை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்; சென்ற ஆண்டின் படத்தை இனி எடுக்க முடியாது.

பல் மருத்துவர்களுக்கான 2014ஆம் ஆண்டின் நன்னெறி விதிமுறைகள், சிகிச்சைப் பதிவுகளைக் குறைந்தது 3 ஆண்டுகள் பேண வேண்டும் என்கின்றன. அதன்பின்பும் அவை கிடைக்கும் என்று நம்பியிருத்தல் இயலாது. ஆகவே ஊரைவிட்டுப் புறப்படும் முன்பே எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நலம். கேட்கும்போது பின்வருவனவற்றை நினைவில் கொள்ளலாம்.

ஒன்று, முழுத் தாடையையும் காட்டும் ஓ.பி.ஜி. படம், தனிப் பற்களின் சிறு படங்கள், எடுத்திருந்தால் சி.பி.சி.டி. எனப்படும் முப்பரிமாணப் பதிவு ஆகியவற்றின் மூலக் கோப்புகளைக் கேட்க வேண்டும்.

இரண்டு, ஒவ்வொரு படத்திலும் பெயர், தேதி, பல் எண் ஆகியவை இருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். கீழ் இடப்பக்கத்து முதல் கடைவாய்ப் பல்லின் எண் 36 ஆகும்.

மூன்று, வேர் சிகிச்சை, பல் உறை ஆகியவை பற்றிய சிகிச்சைக் குறிப்பையும், செயற்கைப் பல்வேர் பொருத்தியிருந்தால் அதன் நிறுவனப் பெயர், அளவு ஆகியவற்றையும் உடன் பெற வேண்டும்.

நான்கு, வாட்ஸ்ஆப்பில் அனுப்பச் சொல்வதாயின், படமாக அன்றி ஆவணக் கோப்பாக அனுப்பச் சொல்ல வேண்டும். படமாக அனுப்பினால் நுண்விவரங்கள் குறைந்துவிடும்.

ஐந்து, பிலிமாக இருந்தால் உறையிலிட்டு, வெப்பமும் ஈரமும் படாமல் வைக்க வேண்டும்.

பழைய படம் இருப்பதால் புதிய படமே வேண்டாம் என்று மறுத்தல் முறையன்று. இன்றைய நிலையை அறிய அது தேவைப்படலாம். எது தேவை என்பதை மருத்துவரே முடிவு செய்வார். பல் எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு மிகக் குறைவே. எனினும் அண்மையில் எடுத்த படம் கையில் இருக்கும்போது, அதையே மீண்டும் எடுத்துப் பணம் செலவிடத் தேவையில்லை.

அடுத்த இடமாற்றப் பட்டியலில் இதற்கும் ஒரு வரி ஒதுக்குவோம். பழைய ஊரில் இருக்கும்போது கேட்டால் அரை மணி நேர வேலை; புதிய ஊரிலிருந்து கேட்டால் எத்தனை நாள் ஆகும் என்று கூற இயலாது.